“கேம் ஓடுது, சூம்தான் ஓடுதில்ல சேர்”



கொஞ்சம் நீளமான பதிவு. தரம் 10, 11 படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் நேரம் கிடைக்கும்போது கடைசி வரை வாசியுங்கள். எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறோம். “நாங்கள்” என்பது 2021 இல் அந்த வகுப்புக்குப் படிப்பித்த நான்கு ஆசிரியர்கள். நால்வரும் வாசித்துச் சரி சொன்ன பிறகுதான் இது இங்கே வருகிறது.

அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். பின்னேரம் ஏழு மணிக்கு சூம் வகுப்பு வைத்தோம். இடாப்பில் 38 பிள்ளைகள். முதல் நாள் 20 பேர் வந்தார்கள். இரண்டாவது கிழமை 14. பிறகு 11. வந்தவர்களை வைத்துக்கொண்டு பாடத்தை ஓட்டினோம். வராதவர்களின் பெயருக்கு நேரே கோடு போட்டோம்.

கோடு விழுந்த பெயர்களில் ஒரு மகனுடையதும் இருந்தது. பெயரை எழுதப் போவதில்லை. யாரென்று விளங்கியவர்களும் தயவுசெய்து கீழே பெயரைப் போட வேண்டாம். கணிதத்தில் கெட்டிக்காரன். வாப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டில் ஒரே ஒரு போன். பின்வளவுச் சுவரில் ஏறி இருந்தால்தான் சிக்னல் இரண்டு கோடு காட்டும்.

ஒரு நாள் அவன் வகுப்புக்கு வரவில்லை. ஆனால் அதே நேரத்தில் பப்ஜி விளையாடிக்கொண்டிருந்தான் என்று இன்னொரு பிள்ளை எங்களிடம் சொன்னது. உடனே போன் எடுத்தோம்.

“என்ன மகன், வகுப்புக்கு வர டேட்டா இல்ல, கேமுக்கு மட்டும் இருக்கோ?”

“இல்ல சேர். கேம் ஓடுது, சூம்தான் ஓடுதில்ல. திறந்தா வட்டம்தான் சுத்துது. திரை வாறதுக்குள்ள பாடம் முடிஞ்சிரும்.”

நாங்கள் நம்பவில்லை. எங்களில் ஒருவர் அவனுடைய உம்மாவுக்கும் போன் எடுத்து, மகன் பொய் சொல்லிப் பழகுகிறான், கவனமாக இருங்கள் என்று சொன்னார். நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் இருந்தோம். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

2021 கடைசியில் பாடசாலை திறந்தபோது அவன் வரவில்லை. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம். வறுமையும் ஒரு காரணம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அவன் உம்மா எங்களிடம் சொன்னது இது: “சேர்மார் பொய்யன் எண்டு சொன்ன பொறகு அவன் புத்தகத்தத் தொடவே இல்ல.”

அதற்குப் பிறகுதான் அவன் சொன்னதைச் சோதித்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றியது. எங்களில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஒருவர் ஆசிரியர் ஓய்வறையில் தன் போனை மேசையில் வைத்தார். ஒரு மணி நேரம் கேம், ஒரு மணி நேரம் வீடியோவோடு சூம். பிறகு செட்டிங்கில் டேட்டா கணக்கைத் திறந்து பார்த்தோம். கேம் ஐம்பது எம்பியைக்கூடத் தொடவில்லை. சூம் ஐந்நூறைத் தாண்டியிருந்தது.

பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அவன் சொன்னது அப்படியே உண்மை.

ஏன் இப்படி? அதைத் தேடிப் போனதில் நாங்கள் படித்தவைதான் இந்தப் பதிவின் மற்றப் பாதி.

ஒரு கேமை முதல் தடவை போனில் இறக்கும்போதே அதன் தீவு, வீடுகள், மரங்கள், துப்பாக்கிச் சத்தம் எல்லாம் போனுக்குள் வந்துவிடும். அது ஜிகாபைட் கணக்கில் இருக்கும். யாராவது ஒருவருடைய வைஃபையில் ஒரு தடவை இறக்கினால் போதும். விளையாடும்போது படமோ வீடியோவோ வருவதில்லை. யார் எந்த இடத்தில் நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், சுட்டாரா இல்லையா என்ற சில எண்கள் மட்டும்தான் போய் வரும். அந்த எண்களை வைத்துப் படத்தைக் கீறுவது போனின் வேலை. இரண்டு கோடு சிக்னலிலும் அந்தச் சின்னப் பொதிகள் எப்படியாவது நுழைந்துவிடும். இடையில் ஒன்று தொலைந்தாலும் கேம் பெரும்பாலும் அதைத் தேடிப் போகாது. அடுத்த பொதியில் புதிய இடம் வந்துவிடுமே. அது வரும் வரைக்கும், இந்த ஆள் இந்தப் பக்கம்தானே ஓடினார் என்று போன் தானாகவே ஊகித்து ஓட வைக்கும்.

சூம் அப்படியில்லை. எங்கள் முகம், பின்னால் இருக்கும் சுவர், சுவரில் தொங்கும் கலண்டர் எல்லாம் வீடியோவாக நிற்காமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் சுவர் ஏறிய பிள்ளையின் போனுக்கு நாங்கள் ஒவ்வொரு நாளும் எங்கள் கலண்டரை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கேமுக்கு வேறு ஒரு கஷ்டம் உண்டு. அதற்கு நிறைய டேட்டா வேண்டாம், ஆனால் டேட்டா தாமதமாக வரக்கூடாது. பிள்ளைகள் “பிங்” என்று சொல்வது இந்தத் தாமதத்தைத்தான். ஆசியாவுக்கான பல கேம் சேர்வர்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன. கொழும்பிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செக்கனில் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் போகும். போய்த் திரும்பக் குறைந்தது 27 மில்லிசெக்கன். கடலுக்கடிக் கேபிள் நேராகப் போவதில்லை, வழியில் பல இடங்களில் தங்கித்தான் போகும் என்பதால் உண்மையில் இன்னும் கூடும். எந்தப் பேக்கேஜ் போட்டாலும் இந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது.

அடுத்தது சேர்வரின் பாரம். எல்லோருடைய அசைவையும் வாங்கி, எது நடந்தது என்று தீர்மானித்து, எல்லோருக்கும் திருப்பிச் சொல்கிற கணினிதான் சேர்வர். அதன் வேலை எப்படிக் கூடுகிறது என்பதைப் பெருநாள் திடலை வைத்து விளங்கிக்கொள்ளலாம். தொழுகை முடிந்து பத்துப் பேர் நிற்கிறோம், ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருக்கும் ஸலாம் சொன்னால் மொத்தம் 90 ஸலாம். நூறு பேர் நின்றால் 9,900. ஆயிரம் பேர் என்றால் 9,99,000. ஆட்கள் பத்து மடங்கு கூடினால் வேலை ஏறக்குறைய நூறு மடங்கு கூடுகிறது. கேமில் ஒருவர் ஓரடி நகர்ந்தாலும் அதைப் பார்க்கக்கூடிய எல்லோருக்கும் சேர்வர் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு செக்கனில் பல தடவை.

பப்ஜி ஒரு ஆட்டத்தில் 100 பேரோடு நிறுத்திக்கொள்கிறது. ஃப்ரீ ஃபயர் பொதுவாக 50. வேறு பெரிய கேம்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் இருப்பார்கள். அவர்களும் பல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று, உனக்குப் பக்கத்தில் நடப்பதை மட்டும் உனக்குச் சொல்வது. இன்னொன்று, ஒரே உலகத்தைப் பல பிரதிகளாகப் பிரித்து ஆட்களைப் பங்கிடுவது. மூன்றாவது, இடம் நிரம்பினால் வாசலில் வரிசையில் நிற்க வைப்பது. ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ உலகங்களைப் பல பிரதிகளாகப் பிரித்து, நிரம்பினால் வரிசையும் வைத்த கேம். அப்படியிருந்தும் 2006 ஜனவரியில் அதில் ஒரு பெரிய கதவு திறக்கும் நிகழ்வைப் பார்க்க எல்லோரும் ஒரே பாலைவனத்தில் கூடியபோது சேர்வர்கள் விழுந்தன.

எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு ஒரு கேம். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் சிசிபி கேம்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கி, 2003 மே மாதம் வெளிவந்த ‘ஈவ் ஒன்லைன்’. விண்வெளிக் கப்பல்கள், வியாபாரம், கூட்டணி, போர். சீனாவுக்குத் தனி சேர்வர். மற்ற நாட்டார் எல்லோரும் ஒரே உலகத்தில், லண்டனில் இருக்கும் ஒரே சேர்வர் தொகுதியில். பிரதி எடுத்துப் பிரிப்பதில்லை. போர் என்றால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

அந்த உலகம் ஆயிரக்கணக்கான சூரிய மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு மண்டலத்தின் கணக்கை ஒரே நேரத்தில் ஒரு கணினிக் கரு மட்டும்தான் பார்க்க முடியும், பலவற்றுக்குப் பங்கிட முடியாது. அந்த மென்பொருளின் கட்டமைப்பு அப்படி. பெரிய போர் வரப்போகிறது என்று ஆட்டக்காரர்கள் முன்கூட்டியே அறிவித்தால், அந்த மண்டலத்தை வலிமையான கணினிக்கு மாற்றி வைப்பார்கள். அறிவிக்காமல் வந்த போருக்கு அதுவும் இல்லை.

முந்திய காலத்தில் பாரம் மீறினால் என்ன நடக்கும் என்றால், கட்டளைகள் குவிந்துவிடும். சிலருக்கு உடனே நடக்கும். சிலர் அழுத்திய பொத்தான் பல நிமிடம் கழித்து வேலை செய்யும். சிலர் வெளியே வீசப்படுவார்கள், திரும்பி வருவதற்குள் கப்பல் இருக்காது. யார் வெல்வது என்பதில் திறமையை விட அதிர்ஷ்டமே பேசும்.

2012 முதல் அவர்கள் வேறு வழிக்கு வந்தார்கள். ஒரு மண்டலத்தில் பாரம் கூடினால், அந்த மண்டலத்தில் நேரத்தையே மெதுவாக்கினார்கள். கப்பல் நகர்வதும் மெதுவாகும், துப்பாக்கி சுடுவதும் மெதுவாகும். கூடியது பத்தில் ஒரு பங்கு வரை. அதாவது கேமில் ஒரு செக்கன் கடக்க எங்கள் கடிகாரத்தில் பத்துச் செக்கன். எல்லோருக்கும் ஒரே அளவு. நல்ல கணினி வைத்திருப்பவருக்கும் பழைய கணினி வைத்திருப்பவருக்கும் ஒரே அளவு. மூச்சு விட நேரம் கிடைப்பதால் சேர்வர் ஒவ்வொருவருடைய கட்டளையையும் முறைப்படி எடுக்கும்.

2014 ஜனவரி 27ஆம் திகதி, ‘பி-ஆர்5ஆர்பி’ என்ற மண்டலத்தில் இது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. ஒரு கூட்டணி தன் ஆட்சிக்கான கட்டணத்தைக் கட்டத் தவறியதால் அந்த இடம் திடீரென்று உரிமை இல்லாமல் போய்விட்டது. அதைப் பிடிக்க இரண்டு பக்கமும் ஓடி வந்தன. மொத்தம் 7,548 ஆட்டப் பாத்திரங்கள் கலந்துகொண்டன. ஒரே நேரத்தில் அதிகம் நின்றது 2,670. எங்கள் ஸலாம் கணக்குப்படி அது 71 இலட்சத்துக்கும் மேல். நேரம் பத்தில் ஒன்றாகி, சண்டை 21 மணித்தியாலம் ஓடியது. அந்தக் கேமின் மிகப் பெரிய கப்பல்களில் 75 அழிந்தன. நட்டம் உண்மைப் பணத்தில் மூன்று இலட்சம் டொலர் அளவு என்று கணக்கிட்டார்கள். ஆட்டக்காரர்கள் தூங்கி எழும்பி வந்து தொடர்ந்தார்கள். சலிப்புத்தான், ஆனால் சேர்வர் விழவில்லை.

இது எல்லா நோய்க்கும் மருந்தில்லை. ஒரு மண்டலம் மெதுவாகும்போது வெளியே நேரம் வழமை போல ஓடுவதால், தூரத்தில் இருப்பவர்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள், கூட்டம் இன்னும் கூடும். பத்தில் ஒன்றுக்குக் கீழே இறங்கவும் முடியாது. 2021 ஜனவரியில் ‘எம்2-எக்ஸ்எஃப்இ’ என்ற இடத்தில் இன்னும் பெரிய கூட்டம் சேர்ந்தது. உள்ளே பாய்ந்த படையில் பலருக்குத் திரையே வரவில்லை. திரை வருவதற்குள் கப்பல் அழிந்திருந்தது.

அந்த வரியை வாசித்தபோது எங்கள் நால்வருக்கும் நினைவு வந்தது ஒரே குரல்தான். “திரை வாறதுக்குள்ள பாடம் முடிஞ்சிரும் சேர்.”

விளையாட்டுக்காக சேர்வர் நடத்துகிறவர்கள், பாரம் கூடினால் என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். சிலரைத் தள்ளிவிட்டு மற்றவர்களை வேகமாக ஓட விடுவதா, எல்லோரும் மெதுவாகப் போவதா என்று அவர்களுக்குள் ஒரு கேள்வி இருந்திருக்கிறது. எங்களுக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. பாடத்திட்டம் முடிய வேண்டும் என்று ஓடினோம். யாருடைய திரை நின்றாலும் எங்கள் பாடம் நிற்கவில்லை. 27 பேர் வெளியே நின்றபோதும் 11 பேரோடு அதே வேகத்தில் போனோம். பின்தங்கியவனைப் பொய்யன் என்றும் சொன்னோம்.

2022 ஜூன் கடைசியில் எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலை திரும்ப மூடப்பட்டது. இந்த முறை சூமைத் திறக்கவில்லை. கேம் செய்வதையே செய்தோம். பாரமானதை முன்கூட்டியே அனுப்புவது, பிறகு சின்னதை மட்டும் அனுப்புவது.

அலகுக் குறிப்புகளை அச்சடித்து, சைக்கிளில் போய் வீடு வீடாகக் கொடுத்தோம். சில வீடுகளுக்குப் பள்ளிவாசலில் வைத்துக் கொடுத்தோம். அதுதான் எங்கள் தீவும் மரங்களும். பிறகு ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் மூன்று நிமிடக் குரல் பதிவு: “பக்கம் 6, இரண்டாவது கணக்கு, மூன்றாவது வரியைப் பாருங்கள்.” ஒரு பதிவு ஒரு எம்பிகூட வராது. விடையைப் பிள்ளை படம் எடுத்து அனுப்பும், இல்லாவிட்டால் எழுதி அனுப்பும். ஒரே போனை வாப்பா கொண்டு போயிருந்தால் இரவு கேட்கலாம்.

இன்னொரு விதியும் வைத்தோம். 38 பேரில் 30 பேராவது விடை அனுப்பும் வரை அடுத்த கணக்குக்குப் போவதில்லை. மீதிப் பேரை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. மெதுவாகத்தான் போனது. ஒரு கிழமையில் முடிக்க வேண்டியது மூன்று கிழமை எடுத்தது. கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மேலதிகக் கணக்குகள் கொடுத்தோம், ஆனால் வகுப்பின் வேகத்தைக் கூட்டவில்லை.

அந்த ஜூலை 10ஆம் திகதி ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகை முடிந்து திடலில் ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் எதிரே வந்தான். உயர்ந்திருந்தான், மீசை அரும்பியிருந்தது. பஸ் கிடைக்காமல் இரண்டு நாள் எடுத்து ஊர் வந்து சேர்ந்ததாகச் சொன்னான்.

நாங்கள் நால்வரும் அவனை ஓரமாகக் கூட்டிப் போனோம். “மகன், நீங்க அண்டைக்குச் சொன்னது உண்மை. நாங்கதான் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க” என்றோம். ஒரு பிள்ளையிடம் இப்படிச் சொல்வது எங்கள் எவருக்கும் பழக்கமில்லை. உம்மா வீட்டுக்கும் போய் அதையே சொன்னோம்.

அவன் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: “பரவால்ல சேர். நான் கேம் விளையாடினதும் உண்மதானே.”

பிறகு இப்போது வகுப்பு எப்படி என்று கேட்டான். குரல் பதிவு பற்றிச் சொன்னோம். “அது நல்லம் சேர். பேக்கேஜ் முடியாது” என்றான். போகும்போது தன் புதிய இலக்கத்தைத் தந்தான்.

அவன் பாடசாலைக்குத் திரும்பவில்லை. சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம் என்று படிவத்தோடு இரண்டு தடவை வீட்டுக்குப் போனோம். இன்னும் எழுதவில்லை. கணிதப் பதிவுகளை அவனுடைய இலக்கத்துக்கும் அனுப்புகிறோம். கடை அடைத்த பிறகு, இரவு பத்து, பதினொரு மணிக்கு இரண்டு நீலக் கோடு விழும். கேட்கிறானா, திறந்து மட்டும் பார்க்கிறானா என்று நாங்கள் கேட்பதில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இரவு முழுவதும் கேம் விளையாடட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. தூக்கம், தொழுகை, படிப்பு எல்லாவற்றையும் அது தின்னும் என்பதில் எங்களுக்கும் உங்களுக்கும் ஒரே கருத்துத்தான். ஆனால் பிள்ளை “கேம் ஓடுது, வகுப்பு ஓடுதில்ல” என்று சொன்னால் அதட்ட முன்னர் போனின் செட்டிங்கில் டேட்டா கணக்கைத் திறந்து பாருங்கள். எது எவ்வளவு எடுத்தது என்று அங்கே எழுதியிருக்கும். இரண்டு நிமிட வேலை. நாங்கள் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

சக ஆசிரியர்களிடமும் ஒன்று. பாடசாலை இனியும் ஒரு நாள் மூடப்படலாம். வெள்ளமோ நோயோ வேறு எதுவோ வரலாம். அச்சடித்த குறிப்புகளும் குரல் பதிவுகளும் எங்களிடம் தயாராக இருக்கின்றன. வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறோம். பாரமான வீடியோ எதுவும் இல்லை.

அந்த மகனுக்காகவும் அவனுடைய குடும்பத்துக்காகவும் துஆச் செய்யுங்கள். எங்களுக்காகவும்.